பட்டப்பகலில் க்ரிக்

முடிதிருத்தும் கடை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திய வில்னேருக்கு, உள்ளே யாரோ தன் குரலில் பேசுவது கேட்டது. "க்ரிக்?" என்றது குரல். முகத்தில் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தவன் உட்பட, கடையே சேர்ந்து "க்ராக்!" என்றது. அந்தப் பதில் வந்தால்தான் கதை தொடங்கும். ஜாக்மெல் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த முறை அது. பகலில் கதை சொன்னால் சொன்னவனின் தாய் பிழைக்கமாட்டாள் என்பதும் அதே பிள்ளைக்குத் தெரியும். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. காலையில்தான் வில்னேரின் அம்மா தலை சுற்றுகிறது என்றிருந்தாள்.

"என்னண்ணே, போன்லயும் நீதான் பேசுற, இங்கயும் நீதான் நிக்கிற. எது அசலு?" என்றான் கடைக்காரன்.

"நிறுத்துடா அத! எங்கம்மா இன்னும் உசிரோட இருக்கா!"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் நேராக வானொலி நிலையத்துக்கு வண்டியை விட்டான். எழவு வீடுகளில் அவன் ராத்திரியில் சொல்லும் கதையைப் பதிவு செய்தவள் அங்கே வேலை பார்க்கும் மிர்லாந்த்தான். இருட்டிய பிறகுதான் சொல்லுவேன் என்று சொல்லி, இருட்டிய பிறகுதான் ஒலிபரப்ப வேண்டும் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

"நாங்க ராத்திரிதான் போட்டோம். யாரோ போன்ல புடிச்சு ஊரு பூரா அனுப்பிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்? நீங்க சொன்னது ராத்திரிதானே?"

"சொன்னது ராத்திரி. கேக்கறது பகலு. அப்ப இது எப்ப சொன்ன கதை?"

"பாரிஸ்ல இருக்கற எங்கக்கா சமைக்கிறப்ப கேட்டுட்டு அழுதுட்டாளாம்," என்றாள் மிர்லாந்த்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவன் எப்படிக் கதை சொன்னவன் ஆவான்? ஆனால் குரல் அவனுடையது. நடுவில் வரும் இருமல்கூட அவனுடையதுதான். இதையெல்லாம் நம்புகிறாயா என்று யாராவது கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பான். ஆனாலும் வண்டியை விரட்டினான்.

அம்மா ஈரப்பலா மரத்தடியில் துவரங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். மடியில் பக்கத்து வீட்டுக்காரியின் போன். "க்ரிக்?" என்றது அது. வில்னேர் பாய்ந்து அதன்மேல் உள்ளங்கையை அழுத்தினான்.

"கைய எடுடா. எம்புள்ள கேக்குறான்."

"பகலும்மா!"

"எனக்கா தெரியாது? உனக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். எழவு வீடு எழவு வீடா போயி ஊருக்கெல்லாம் சொல்லுற. எங்கிட்ட ஒரு ராத்திரியாவது உக்காந்து சொல்லிருக்கியா?"

இன்னிக்கு ராத்திரி சொல்லுறேம்மா என்று அவன் சொல்லத் தொடங்குவதற்குள், அவள் அவன் கையை விலக்கி, கதையை முதலிலிருந்து வைத்தாள்.

"க்ரிக்?"

கேட்பவர்கள் பதில் சொல்லட்டும் என்று மிர்லாந்த் விடச் சொன்ன இடைவெளி வந்தது. அம்மா மகனைப் பார்த்தாள், பிறகு போனைப் பார்த்தாள்.

"க்ராக்," என்றாள்.

கதை தொடங்கியது. பாதி பிளந்த துவரங்காய் அவள் விரல்களுக்கிடையில் அப்படியே நின்றது. அந்த விரல்கள் எப்போது அசையும் என்று பார்த்தபடி வில்னேர் வெயிலிலேயே நின்றான்.