குளிர் விட்டுப்போன கார்

அந்த வெள்ளைக் காரின் ஏசி பயத்தில் ஓடியது. தடுப்பூசி மருந்தை எட்டு கிளினிக்குகளுக்குக் கொண்டுபோகும் பெண் அதை ஒன்பது வருடம் ஓட்டினாள். ஒன்பது வருடமும் அவளுடைய அண்ணன் மணிக்கொரு தரம் போனில் கூப்பிட்டு, எங்கே இருக்கிறாய், யாரோடு பேசினாய் என்று கேட்டான். அவள் குரல் நடுங்கப் பதில் சொன்னாள். கார் ஜில்லென்று இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, "வேலையா இருக்கேன், வைண்ணா" என்றாள். "ஏய், குளிர் விட்டுப்போச்சா உனக்கு?" என்று அவன் கத்தினான். கார் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. அந்த நிமிடமே ஏசியிலிருந்து அனல் வீசியது.

அவள் காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனாள். பட்டறையை நடத்தும் அக்கா என்ன கோளாறு என்று கேட்டபோது, அவளுக்கு வேறு வார்த்தை வாயில் வரவில்லை. "குளிர் விட்டுப்போச்சு" என்றாள். அக்கா அதையே சீட்டில் எழுதி, மெக்கானிக்காக இருந்த தன் தம்பியிடம் நீட்டினாள். அவன் கேஜை மாட்டினான். இரண்டு பக்க அழுத்தமும் இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. கம்ப்ரசர் டக்கென்று பிடித்தது, விசிறி சுற்றியது, சோப்பு நுரை தடவிய இணைப்புகளில் ஒரு குமிழிகூட எழவில்லை. பைப்பைத் தொட்டால் விரல் மரத்தது. உள்ளே காற்று வரும் வாயில் மட்டும் தெர்மாமீட்டர் நாற்பத்தொன்று காட்டியது. இரண்டு நாள் கழற்றிக் கழற்றி மாட்டினான். மறுநாள் காலைக்குள் சரியாகாவிட்டால் மருந்து வேறு வண்டிக்குப் போய்விடும். அவள் வேலையை விட்டு அண்ணன் வீட்டுக்கே திரும்ப வேண்டியதுதான். நடந்ததையெல்லாம் அவளிடம் கேட்டறிந்த மெக்கானிக், "ஒரு போன் போட்டு அவர்கிட்ட மன்னிப்பு கேட்டுப் பாருங்களேன்" என்று இழுத்தான். "வண்டி வெந்தா வேகட்டும். நான் கேக்க மாட்டேன்" என்றாள்.

கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாமென்று அவன் கார் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். அந்த நேரம் பட்டறைக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது: "டேய், பத்தாம் நம்பர் ஸ்பேனரத் தொலைச்சது யாருடா?"

தெர்மாமீட்டர் மூன்றுக்கு இறங்கியது. நடுப்பகல் வெயிலில் கண்ணாடி முழுவதும் உறைபனி இலை இலையாகப் படர்ந்தது. அவன் மூச்சு வெள்ளையாக ஜன்னலைத் தாண்டி, தெருவைக் கடந்து, எதிர்க்கடைப் பலகையில் போய் ஒட்டியது. கடைக்காரர்கள் வந்து கண்ணாடியை விரலால் சுரண்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண் காருக்குள் கையை நீட்டி வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு மெதுவாக, "இன்னொரு தடவ கேளுங்கக்கா" என்றாள்.

அன்றிலிருந்து மெக்கானிக் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவளோடு போகிறான். ஆறு வருடத்தில் கம்ப்ரசர் ஒருமுறை மாறியது, அவனுக்குக் காதோரம் நரைத்தது, பயம் குறையவில்லை. அண்ணன் எப்போதாவது கூப்பிடுகிறான்; அவள் இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுகிறாள். தினமும் காலை எட்டு மணிக்கு அக்கா பட்டறை வாசலுக்கு வந்து கார் ஜன்னலுக்குள் ஓர் அதட்டல் போடுகிறாள். எட்டு கிளினிக்குக்கும் அது போதுமானதாக இருக்கிறது.