பொய்த் தூரம்

மாதம் தவறாமல் அமாவாசைக்கு மறுநாள் சம்பங்கி மாட்டுக்கொட்டகைப் பக்கத்து அறையில் போய் உட்கார்ந்துவிடுவாள். தனித் தட்டு, தனிச் சொம்பு, ஒரு பாய். பகலில் கம்பெனி பஸ் ஏறி ஓசூருக்கு வேலைக்குப் போனால் தீட்டில்லை. திரும்பி வந்து வீட்டுப் படி ஏறினால்தான் தீட்டு. மூன்று நாள் கழித்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வருவாள். கெலமங்கலத்தில் அந்தத் தெருவே அவளைப் பார்த்துக் காலண்டர் கிழிக்கலாம். அவ்வளவும் பொய்.

நிஜத்தில் அவளுக்கு வருஷத்துக்கு இரண்டு தரம் வந்தாலே பெரிய விஷயம். கல்யாணமான புதிதில் இரண்டு மாதம் வராமல் போனது. மாமியார் வெங்கடம்மாள் கேசரி கிண்டித் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டாள். அப்புறம் டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்ல, கிழவி இரண்டு நாள் சோறு தின்னவில்லை. அந்த முகத்தை இன்னொரு தரம் பார்க்கத் தெம்பில்லாமல்தான் சம்பங்கி உட்காரத் தொடங்கினாள். மூன்று வருஷமாகிறது.

ஓசூரில் ஸ்கேன் பார்த்த லேடி டாக்டர் சொன்னாள்: "சினைப்பையில நீர்க்கட்டிம்மா. அதான் மாசாமாசம் வரல, தாடையில முடி முளைக்குது. இந்த ஹார்மோன் மாத்திரைய இருபத்தோரு நாள் போடு. முடிச்சு ஒரு வாரத்துல வந்துடும். நடுவுல மனசு ஒரு மாதிரி இருக்கும், வீட்ல யார்கிட்டயாவது பேசு."

யாரிடம் பேச? புருஷன் கோவிந்தப்பனிடம் ஆரம்பித்தாள்.

"பொம்பளைங்க சமாச்சாரத்த என்கிட்ட ஏன் சொல்றே? அம்மாகிட்ட சொல்லு" என்று தக்காளிக் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டான் மகராசன்.

மாத்திரை அட்டை கம்பெனி லாக்கரில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். பன்னிரண்டாவது மாத்திரையிலிருந்து அழுகை வந்தது. ஸ்க்ரூ முடுக்கும்போதே கண்ணீர் சொட்டும்.

"ஊட்ல எதனா சண்டையா?" என்று பக்கத்து மேசை ஜோதியம்மாள் கேட்டாள். சண்டையாக இருந்தால்கூடத் தேவலை, சொல்லி அழலாம். இதை என்னவென்று சொல்வது?

மாத்திரை முடிய மூன்று நாள் இருக்கும்போது அமாவாசை வந்து தொலைத்தது. உட்காராவிட்டால் கிழவி கேசரிக்கு ரவை வறுத்துவிடுவாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். எழுந்த நாலாம் நாள், வெள்ளிக்கிழமை, கம்பெனி பாத்ரூமில் பார்த்தால், வந்திருந்தது. நிஜமாகவே.

சம்பங்கி தனியாக நின்று சிரித்தாள். சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே ஓடிவந்து ஜோதியம்மாளின் தோளைப் பிடித்தாள். பிடித்தபின் சொல்லத் தெரியவில்லை. மாதாமாதம் வருகிறவளுக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

வீட்டுக்குள் நுழையும்போது அடிவயிறு கடுத்தது. வெங்கடம்மாள் அவளுக்காகவே காத்திருந்தாள்.

"வந்துட்டியா? வெள்ளிக்கெழமை, வெளக்கேத்தும்மா."

மறுபடி உட்கார்ந்தால் போன வாரம் உட்கார்ந்தது என்ன என்று கேள்வி வரும். ஒரு பொய் போனால் மூன்று வருஷத்துப் பொய்யும் பின்னாலேயே போகும். சம்பங்கி கை கால் கழுவிக்கொண்டு வந்து, திரியைத் தூண்டி, மாரியம்மன் படத்தின் முன்னால் விளக்கேற்றினாள். பயமாக இருந்தது. ஆனால் யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

'வந்துடுச்சு' என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

"என்னம்மா முணுமுணுக்கறே?"

"ஒண்ணுமில்லீங்க அத்தே."

"ஒண்ணுமில்லேன்னா அவ என்னாத்தக் குடுப்பா? மனசுல இருக்கறத வாயத் தொறந்து சொல்லு."

சம்பங்கி வாயைத் திறந்தாள். சொல்லிவிடத்தான் திறந்தாள்.

"புள்ள வேணும்னு கேட்டேன்" என்றாள்.

வெங்கடம்மாள் கண் கலங்கி அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். சுத்தமாக இருந்துகொண்டே அவள் ஒதுங்கி உட்கார்ந்த அத்தனை நாளிலும் ஒரு கை படாத தலை அது.