மஞ்சள் பொட்டு வைத்த கிளாம்பு

வால்யேவோ ஊரில் ரதோமிரின் ஒர்க்‌ஷாப்புக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் ஒரு காதின் படம் மட்டும் உண்டு. பார்ப்பதற்குக் காய்ந்த காளான் மாதிரி இருந்தாலும் ஊருக்கு அர்த்தம் தெரியும்: பானெட்டைத் திறக்காமலே, தலையைச் சாய்த்து நின்று, "மூணாவது சிலிண்டர்" என்று சொல்லக்கூடியவர் உள்ளே இருக்கிறார். அவர் கேட்கும்போது ரேடியோவை அணைக்க வேண்டும், வாடிக்கையாளர் மூச்சை அடக்க வேண்டும். பாதிரியாரே ஒருமுறை அடக்கி முகம் சிவந்திருக்கிறார்.

நவம்பர் முதல் வாரம் வெலிமிர் வந்தார். ரதோமிருக்கு அவர் கூம். கல்யாணத்தில் சாட்சியாகப் பக்கத்தில் நின்றவர், மகளை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தியவர். கூடப்பிறந்தவனோடு சண்டை போடலாம், கூமோடு கூடாது. இருபத்திரண்டு வருடமாக வெலிமிரின் கார்களில் வேறொரு கை பட்டதில்லை. இதை ரதோமிர் கல்யாண வீட்டிலும் சொல்வார், சாவு வீட்டிலும் சொல்வார்.

"கூமே, இன்ஜின் லைட்டு எரியுது. சிக்னல்ல நின்னா தானா உறுமுது, அடங்குது, மறுபடி உறுமுது."

"வேற எவனாச்சும் தொட்டானா?"

"ஐயோ, உன்னைத் தவிர யாருய்யா தொடப்போறா?"

ரதோமிர் தலையைச் சாய்த்தார். வெலிமிர் மூச்சை அடக்கினார். ஒரு நிமிடம் போயிற்று. வெலிமிர் திருட்டுத்தனமாக ஒரு தடவை மூச்சுவிட்டுக்கொண்டார்.

"தெரிஞ்சுபோச்சு" என்றார் ரதோமிர். "சும்மா உறுதிப்படுத்திக்கத்தான்" என்றபடி ஸ்கேனரை மாட்டினார். வண்டி நிற்கும்போது அதன் கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட இருபத்திரண்டு சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் கணக்கு ஏறக்குறைய சரியாகிவிட்டது. அதாவது, காற்றை அளக்கும் சென்சாரைத் தாண்டி, அதற்குத் தெரியாமல் எங்கிருந்தோ இன்ஜினுக்குள் காற்று போகிறது.

எங்கிருந்து என்பதைக் காது சொல்லவில்லை. ஆகவே ஊறுகாய் ஜாடி வந்தது. அது ரதோமிரின் சொந்தத் தயாரிப்பு: ஜாடிக்குள் பேபி ஆயில், அதைச் சூடாக்க ஒரு பழைய டீசல் வண்டியின் குளோ பிளக், காற்றடிக்க ஒரு கால்பம்பு. இன்ஜினை அணைத்து, காற்று வரும் வாயை ரப்பர் கையுறையால் மூடி, குழாயைச் செருகி மிதித்தார். புகை உள்ளே போயிற்று. ஒர்க்‌ஷாப் முழுக்கக் குளிப்பாட்டிய குழந்தை வாசனை.

இன்ஜினுக்குப் பின்பக்கம், ஆவி போகும் ரப்பர் குழாயின் அடியிலிருந்து ஒரு வெள்ளை நூல் எழுந்தது. ரதோமிர் டார்ச்சைக் கொண்டுபோனார். திருகி இறுக்கும் கிளாம்பு ஒன்று ரப்பரைப் பல்லால் கடித்த மாதிரி வெட்டியிருந்தது. ரதோமிர் ஸ்பிரிங் கிளாம்பு தவிர வேறெதையும் போடமாட்டார். கிளாம்பின் தலையில் மஞ்சள் பெயிண்டில் ஒரு பொட்டு.

அந்தப் பொட்டு ஊருக்கே தெரியும். புறவழிச்சாலையில் 'மோட்டார் கிளினிக்' நடத்தும் நெபோய்ஷா, தான் மாட்டிய பாகத்திலெல்லாம் வைக்கும் பொட்டு. நெபோய்ஷா வெள்ளைக் கோட்டு போடுவான். வண்டியை அட்மிட் செய்வான், டிஸ்சார்ஜ் செய்வான்.

"இது என்ன கூமே?"

"கம்பெனியிலயே போட்டிருப்பாங்க."

"கம்பெனியில நெபோய்ஷா வேலை பாக்குறானா?"

வெலிமிர் தொப்பியைக் கழற்றினார்.

"ஆகஸ்டுல ஒரே ஒரு தடவை போனேன். இப்போ லைட்டு எரிஞ்சதும், மேனிஃபோல்டையே மாத்தணும், பெரிய செலவுங்கிறான். அதான் உன்கிட்ட வந்தேன்."

"முதல்ல ஏன் அங்க போனே?"

"வசந்தத்துல உன்கிட்டதானே வந்தேன்? வண்டி புஸ்ஸுனு பாம்பு மாதிரி சீறிக்கிட்டிருந்துச்சு. நீ இடது காதைச் சாய்ச்சுக் கேட்டுட்டு, கடிகாரம் மாதிரி ஓடுதுன்னே. உன் இடது காது போயிடுச்சு கூமே. மூணு வருஷமாச்சு."

"யாரு சொன்னா?"

"ரொட்டிக்கடையில தெரியும். முடிவெட்டுறவனுக்குத் தெரியும். பாதிரியாருக்கும் தெரியும். உன் மனசு கஷ்டப்படுமேன்னு..."

"நீ அவங்ககூடச் சேர்ந்து சிரிச்சியா?"

வெலிமிர் கழற்றிய தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். அதுவே போதுமாக இருந்தது.

ரதோமிர் வெட்டுப்பட்ட குழாயை மாற்றி, ஸ்பிரிங் கிளாம்பு போட்டு, இன்ஜின் லைட்டை ஸ்கேனரால் அணைத்து, ஓட்டிப் பார்த்துவிட்டு, சாவியைப் பானெட்டின் மேல் வைத்தார். வண்டி இப்போது உறுமவில்லை, பூனை போல் அடங்கிவிட்டது. மஞ்சள் பொட்டுக் கிளாம்பை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

எட்டாம் தேதி ரதோமிர் வீட்டு ஸ்லாவா, குலப் புனிதர் நாள். அதற்கு யாரையும் அழைப்பதில்லை. வரவேண்டியவர்கள் தாமாக வருவார்கள். ஆகவே வராதே என்று சொல்லவும் வழியில்லை. வெலிமிர் பூவும் ஒயினுமாக வந்து, வேகவைத்த கோதுமையை ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, வழக்கம்போல ரதோமிரின் வலது பக்க நாற்காலிக்குப் போனார். அங்கே பாதிரியார் உட்கார்ந்திருந்தார். ரதோமிர் மிகுந்த மரியாதையோடு இடது பக்க நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"கூமுக்கு இனிமே இந்த இடம்."

சூப் வந்தது, பன்றிக்குட்டி வந்தது. வெலிமிர் குனிந்து, அந்த இடது காதுக்குள்ளேயே, தான் சிரித்தது தப்பு என்று சொன்னார். கேக் வந்தபோது மறுபடி சொன்னார், கண் கலங்கியிருந்தது.

ரதோமிர் பாதிரியார் பக்கம் திரும்பி, இனிப்பு போதுமா என்று கேட்டார்.