ஒரு மணி நேரம்தான்

கஃபன் துணியால் அத்தாவின் முகத்தை மூடுவதற்கு முன் கடைசியாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். சுஹானா குனிந்தபோது போன் அடித்தது. கோலாலம்பூரிலிருந்து அண்ணன் ஷாருல். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

விமானம் மறுபடியும் தாமதமாம். மதியம் லுஹர் தொழுகையோடு அடக்கம் வேண்டாம், மாலை அஸருக்குத் தள்ளிவையுங்கள் என்றான்.

"ஏறிட்டேன்னா ஒரு மணி நேரம்தான்லா. அதுக்குள்ள என்ன அவசரம்?"

அந்த ஒரு மணி நேரம் அவளுக்குப் புதிதல்ல. அத்தா நாகூர் மீரான் படுக்கையில் விழுந்த இரண்டு வருடமும் அவன் பாடிய பாட்டு அதுதான். சுபாங் விமான நிலையத்தில் ஏறினால் பினாங்கில் இறங்கலாம், முன்னூறு கிலோமீட்டர் ஒரு தூரமா, எப்ப வேணாலும் வரலாம் என்பான். அப்படிச் சொல்லியே வராமல் இருந்தான். லண்டனில் இருக்கும் ஹனா அக்கா, அரை நாளுக்கு மேல் விமானத்தில் உட்கார்ந்து கால் வீங்கி, இரண்டு முறை வந்து அத்தாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டுப் போனாள். தூரம் என்பதால் அவள் முன்கூட்டியே லீவு சொல்லிப் பெட்டி கட்டினாள். பக்கத்தில் இருந்தவனுக்குப் பெட்டி கட்ட மனசு வரவில்லை.

இன்றைக்கும் அதே கதைதான். அத்தா விடிகாலை சுபுஹு நேரத்தில் மவுத்தானார். அப்போதே காரை எடுத்திருந்தால் இந்நேரம் பினாங்கில், இந்த சூலியா தெரு வீட்டில் நின்றிருப்பான். கார் என்றால் நாலு மணி நேரம், விமானம் என்றால் ஒன்றுதான் என்று பெரிய கணக்குப் போட்டவன், இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். சும்மாவும் உட்காரவில்லை. அத்தாவின் படத்தை பேஸ்புக்கில் போட்டு, துக்கம் சொன்னவர்களுக்கெல்லாம் ஒருவர் விடாமல் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறான். என்ன ஜென்மமோ என்றிருந்தது அவளுக்கு.

பெரியத்தா ஷேக் அலாவுதீன் அம்மா நோர்மாவின் முகத்தைப் பார்த்தார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி சொன்னாள்.

"மவன்தானே கபருல எறங்கி வைக்கணும். காத்திருக்கலாமே."

உயிர் போனபின் தன்னை ஒரு வக்துத் தொழுகை நேரம்கூடப் போட்டுவைக்கக் கூடாது என்று அத்தா மூச்சிரைக்கச் சொன்னபோது அம்மாவும் பக்கத்தில்தான் இருந்தாள். மகன் பேச்சு வந்துவிட்டால் அவளுக்கு மற்ற எதுவும் நினைவில் நிற்பதில்லை. பெரியத்தாவுக்கோ வாய் திறக்கத் தயக்கம்.

சுஹானா போனை வாயருகே கொண்டுவந்தாள்.

"அண்ணே, ரெண்டு வருசமா அத்தா ஒனக்காகத்தான் காத்திருந்தாங்க. இன்னிக்கும் காக்க வைக்க மாட்டேன்."

போனை அணைத்துவிட்டு, அத்தாவின் முகத்தை மூடித் தூக்கச் சொன்னாள். அம்மா பெருங்குரலெடுத்து அழுதாள். ஆண்கள் சந்தூக்குப் பெட்டியைத் தோளில் ஏற்றிப் படியிறங்கினார்கள்.

ஷாருல் வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வாசலில் நின்றவர்களை ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்து அழுதான். பிறகு கொல்லைப்பக்கம் வந்தான். சுஹானா அத்தாவின் படுக்கை விரிப்பை அலசிக்கொண்டிருந்தாள். மூன்று தண்ணீர் மாற்றியும் வாடை போகவில்லை.

"ஒரு தடவ எனக்காகக் காத்திருக்கக் கூடாதா?"

அவள் விரிப்பின் ஒரு முனையை அவனிடம் நீட்டினாள்.

"புடி. பிழியணும்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு அவன் அதை இரண்டு விரலால் பிடித்தான். அவள் முறுக்கத் தொடங்கியதும் முனை நழுவிச் சேற்றில் விழுந்தது. அவள் அதை எடுத்து மறுபடியும் வாளியில் போட்டாள்.