நாலு பேர் ஓடினோம், மூணு பேர் ஜெயிச்சோம்

தொடர் ஓட்ட அணியில் அவளுக்கு வாய் என்று பெயர். கால் நின்றாலும் வாய் நிற்காது என்பதால் வந்த பெயர். அதைத் தனக்குத் தானே வைத்துக்கொண்டவளும் அவள்தான். மற்ற மூன்று பேருக்கும்கூட அவள்தான் பெயர் வைத்தாள். காவல்துறையில் வேலை பார்த்துக்கொண்டே ஓட வந்திருந்த மூத்தவள் போலீஸக்கா. வயதிலும் உயரத்திலும் குறைந்தவள் சின்னது. மூன்றாவதாக ஓடுகிறவள் ஜவ்வு. அவள் முகாமுக்கு வந்த முதல் வாரமே, ஓடுகிறாயா ஜவ்வு மாதிரி இழுக்கிறாயா என்று வாய் கேட்க, அறையே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். அதன் பிறகு அவளுடைய சொந்தப் பெயரை அறிவிப்புப் பலகையில்தான் பார்க்க முடிந்தது.

நாலு கட்டில் போட்ட அறை அது. ஜன்னல் கம்பி முழுக்க ஈர சாக்ஸ், மூலைக்கு மூலை முட்டியில் சுற்றி அவிழ்த்த டேப், எந்நேரமும் மூக்கில் ஏறும் வலி ஸ்பிரே வாடை. அங்கே எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. கேலி செய்யும்போது யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாளோ, அவளுக்கு இரண்டு பங்கு கேலி கிடைக்கும். அதனால் யாரும் முகத்தைத் தூக்குவதில்லை. வெளியாள் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிற மாதிரி பேசுவார்கள். உள்ளே அதற்குப் பாசம் என்று பெயர். அந்தப் பெயரை வைத்ததும் வாய்தான்.

அந்த வருடம் தொடர் ஓட்ட இறுதிப் போட்டியில் மயிரிழையில் முதலிடத்தைக் கோட்டைவிட்டு, இரண்டாவதாக வந்தார்கள். மூன்றாவது ஆளின் ஓட்டத்தில்தான் நேரம் கரைந்தது. அம்மா செத்துப்போய், அடக்கம் முடிந்து, அழுத கண்ணோடு நேரே முகாமுக்கு வந்து ஜவ்வு ஓடியிருந்தாள். ஓட்டம் நடக்கும்போதே தொலைக்காட்சி வர்ணனையாளர் அதைக் குரல் தழுதழுக்கச் சொல்லிவிட்டார். வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வாய்க்கு இந்த வர்ணனை ஒன்றும் கேட்கவில்லை. கடைசியாக ஓடுகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னாலிருந்து “கை” என்று குரல் வரும். கையைப் பின்பக்கம் நீட்டினால் பேட்டன் குச்சி உள்ளங்கையில் வந்து விழும். பிடித்துக்கொண்டு பறக்க வேண்டியதுதான். ஏழு வருடமாக ஜவ்வு அவளுக்கு அந்தக் குரலும் அந்தக் கையும்தான். ஓடி வரும்போது அந்த முகம் என்ன பாடு படும் என்று அவள் பார்த்ததே கிடையாது.

விடுதிக்குத் திரும்பும் பேருந்தில் பதக்கத்தோடு நாலு பேரும் நிற்கிற படத்தை எடுத்துத் தன் சமூக வலைதளப் பக்கத்தில் போட்டாள். கீழே எழுதினாள்: “நாலு பேர் ஓடினோம், மூணு பேர் ஜெயிச்சோம்.” ஜவ்வின் பெயரைக் கோத்துவிட்டு, சிரிக்கும் மூஞ்சிகளை வரிசையாக வைத்தாள். போனைப் பைக்குள் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

விடுதி வாசலில் கண்விழித்தபோது ஊரே அவளைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தது. பெற்றவளை அனுப்பிவிட்டு வந்து நாட்டுக்காக ஓடியவளைப் பார்த்து இப்படிச் சொல்ல இவளுக்கு எப்படி நாக்கு வந்தது என்றார்கள். இவள் பெண்ணே இல்லை என்றார்கள். அவளுடைய கால், பல், நிறம், அவள் அம்மாவின் வளர்ப்பு என ஒன்றையும் விடவில்லை. மனசு நோகப் பேசக் கூடாது என்று சொல்ல வந்தவர்கள்தான் மற்ற எல்லாரையும்விட அசிங்கமாகப் பேசினார்கள். பயந்துபோய், யார் மனமாவது புண்பட்டிருந்தால் மன்னிக்கவும் என்று எழுதினாள். அந்த ‘இருந்தால்’ஐப் பிடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். வீட்டு வாசலில் கேமராக்காரர்கள் நிற்பதாக அம்மா போனில் அழுதாள். அழுது முடித்து, உன் வாய்க்கொழுப்பு இத்தனை நாள் எனக்கு மட்டும் தெரியும், இனி ஊருக்கே தெரியும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இதெல்லாம் கூடப் போகட்டும். தடகளச் சங்கச் செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார். பெரிய மேஜை, பின்னால் கோப்பை அலமாரி, நடுவில் பெரிய உடம்பு. நாளை ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடுகிறது என்றார் அவர். பாதிக்கப்பட்ட பெண்ணே மக்கள் முன்னால் வந்து தனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் எச்சரிக்கையோடு விட்டுவிடலாம். இல்லாவிட்டால் பெரிய போட்டியை அவள் தொலைக்காட்சியில் பார்த்துக்கொள்ளலாம். நாலு வருடத்துக்கு ஒருமுறை வருகிற போட்டி அது. சென்ற தடவை முட்டி கிழிந்து படுத்திருந்தாள். அடுத்த தடவைக்கு அவள் போக நினைத்தாலும் முட்டி வராது. அந்தத் தடத்தில் ஒரே ஒரு முறை ஓடிவிட வேண்டும் என்பதைத் தவிர அவள் வாழ்க்கையில் வேறு ஆசை வைத்துக்கொண்டதில்லை. கல்யாணப் பேச்சைக்கூட அதைக் காட்டித்தான் தள்ளிப்போட்டு வந்தாள்.

ஜவ்வு பிசியோ அறையில் குப்புறப் படுத்திருந்தாள். தொடையில் ஐஸ் பை. தலைமாட்டில் அவள் போன் துடித்துக்கொண்டே இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அவளை மகளே, தங்கையே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாய் தரையில் உட்கார்ந்து, செயலாளர் சொன்னதைச் சொல்லி, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தியிடம் கெஞ்சினாள்.

“இதுக்கு ஏன்டி கீழ உக்காந்திருக்கே? சொல்லிட்டாப் போச்சு,” என்றாள் ஜவ்வு. “எழுதிக் குடு, படிக்கிறேன்.”

வாய்க்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் மூளையும் வேலை செய்தது. அங்கேதான் கெட்டது.

“படிச்சா கண்டுபிடிச்சிடுவாங்க. ரெக்கார்ட் பண்ணினா, நான் வெட்டி ஒட்டிட்டேன்னு சொல்லுவாங்க. லைவ்ல போவோம். உன் வார்த்தையிலேயே சொல்லு. நம்ம ரூம்ல எப்படிப் பேசிக்குவோம்னு அவங்களுக்குப் புரியணும், அவ்வளவுதான்.”

“எல்லாத்தையும் சொல்லவா?”

“சொல்லேன்,” என்றாள் வாய். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

பயிற்சி முடிந்த கையோடு வாயின் கட்டிலில் இருவரும் உட்கார்ந்தார்கள். புரோட்டீன் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தார்கள். படத்துக்குள் வராமல் எதிர்க் கட்டிலில் போலீஸக்காவும் சின்னதும். வாய், ஜவ்வின் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள். பார்க்கிறவர்களின் கணக்கு கிடுகிடுவென்று ஏறியது. சங்கத்தின் பெயரும் அதில் வந்து நின்றது. செயலாளரே பார்க்கிறார்.

“எல்லாருக்கும் வணக்கம். இவ மேல யாரும் கோவப்படாதீங்க,” என்றாள் ஜவ்வு. “இவ என்னைக்குமே இப்படித்தான். மனசுல ஒண்ணும் கிடையாது.”

திரையில் இதயங்கள் மிதந்தன. வாய் அந்தத் தோளை நன்றியோடு அழுத்தினாள். அங்கேயே நிறுத்தியிருந்தால் எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். ஜவ்வு நிறுத்தவில்லை.

“என் புருஷன் என்னை விட்டுட்டு ஓடிப்போனப்ப நான் சாப்பிடாமக் கிடந்தேன். இவதான் சாப்பிட வெச்சா. ‘உங்க வீட்டுலயே ஓடத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான், அவன்கிட்ட கோச்சிங் போடி’ன்னா. ரூமே விழுந்து விழுந்து சிரிச்சுது. நானும் சிரிச்சேன்.”

இதயங்கள் மெலிந்தன. வாய் பல்லைக் காட்டினாள். போதும் என்கிற மாதிரி தோளை லேசாகக் கிள்ளினாள்.

“எங்கம்மா போன பிறகு, அடக்கம் முடிஞ்சு இங்க வந்தேன். வந்ததும் இவ என்னை வெயிட் மெஷின்ல ஏத்தினா. ‘அழுதே ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கே. உங்கம்மா போறப்பவும் டீமுக்கு ஒரு நல்லது பண்ணிட்டுத்தான் போயிருக்காங்க’ன்னு சொன்னா. எவ்வளவு சட்டுனு வருது பாருங்க இவளுக்கு. எங்களுக்கெல்லாம் வராது.”

ஜவ்வு இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் தங்கையின் சாமர்த்தியத்தைச் சொல்லும் அக்காவின் பெருமை இருந்தது. வாய் அந்த முகத்தை அவ்வளவு பக்கத்தில் வைத்துக் குறுகுறுவென்று பார்த்தாள். விஷம் எங்கே இருக்கிறது என்று தேடினாள், கிடைக்கவில்லை. போனை எட்டி அணைத்துவிடலாம். அணைத்தால் மறைத்தாள் என்பார்கள். ஜவ்வின் வாயைப் பொத்தலாம். பொத்தினால் அடித்தாள் என்பார்கள். அவளால் செய்ய முடிந்தது சிரிப்பது மட்டும்தான். அதையும் ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. செத்த தாயை வைத்து அடித்த ஜோக்கை அந்த மகளே திருப்பிச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் காட்டுகிற ஒருத்தியை.

“பெரியவங்க சின்னவங்கன்னு பேதமே பாக்க மாட்டா,” என்றாள் ஜவ்வு. “நம்ம செயலாளர் சாருக்கு இவ வெச்ச பேரு காலி சிலிண்டர். பாக்க கனமா இருக்கும், தட்டினா சத்தம் மட்டும்தான் வரும்னு நடிச்சே காட்டுவா. அவரையே விடல, என்னை விடுவாளா?”

வாயின் கை இன்னும் ஜவ்வின் தோளில்தான் இருந்தது. அந்தத் தோள் நடுங்கவில்லை. துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்து, கோட்டில் குனிந்து நிற்கும்போது இருப்பதுபோல அசையாமல் இருந்தது.

வணக்கம் சொல்லி ஜவ்வே போனை அணைத்தாள்.

“ஏன்டி இப்படிப் பண்ணே?” என்று கேட்டாள் வாய்.

“என்ன பண்ணேன்? ஒரு வார்த்தையாவது பொய்யா?”

“அதெல்லாம் பாசத்துல சொன்னதுடி.”

“அதைத்தானே நானும் சொன்னேன்.”

பேச்சில் வாய் தோற்றது அதுவே முதல் தடவை. ஜவ்வு எழுந்து தன் கட்டிலுக்குப் போனாள். துண்டை மடித்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

“அந்த மெஷின்ல நின்னப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னு நீ ஒரே ஒரு தடவை கேட்டிருந்தா, இன்னிக்கு ரெண்டே வார்த்தையில முடிச்சிருப்பேன்.”

வாய் மற்ற இருவர் பக்கம் திரும்பினாள். எல்லாருமாகத்தானே சிரித்தோம், நீங்களாவது சொல்லுங்கள் என்றாள். போலீஸக்கா தன் ஷூ கயிற்றைப் பார்த்துக்கொண்டு, தான் எப்போது சிரித்தோம் என்று கேட்டாள். கேட்ட தோரணையில், உண்மையிலேயே மறந்துவிட்டவள் போலத்தான் இருந்தாள். சின்னது போனை எடுத்துக்கொண்டு வெளியே போனது. பொழுது சாய்வதற்குள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பதிவு போட்டிருந்தார்கள். அந்த அறையில் தாங்கள் எப்போதுமே சங்கடப்பட்டுத்தான் இருந்ததாகவும், பயத்தில் எதுவும் பேசவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். பயம் என்கிற சொல்லை வாய் திரும்பத் திரும்பப் படித்தாள். சின்னது எழுதியது பொய் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பிறகு, பொய்யாக இல்லாமலும் இருக்கலாம் என்று தோன்றியது. அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் குழு கூடியது, டீ ஆறுவதற்குள் கலைந்தது. செயலாளரே பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, ஒழுக்கம் என்ற சொல்லை அழுத்தி அழுத்தி வாசித்தார். பெரிய போட்டிக்கு வாய் இல்லை. கடைசியாக ஓடும் அவளுடைய இடம் ஜவ்வுக்கு. ஜவ்வின் இடத்துக்கு மாற்று ஆட்களில் ஒருத்தி வருகிறாள். வாய் அறையை உடனே காலி செய்து கொடுத்துவிட வேண்டும்.

அவளை வழியனுப்ப யாரும் வரவில்லை. இருக்கிற இடத்திலேயே இருந்தார்கள். போலீஸக்கா கணுக்காலுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். சின்னது காலியாகப் போகிற அலமாரியை ஏற்கெனவே அளவெடுக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது. வாய் துணிகளைப் பையில் திணித்தாள். அணியின் பெயர் அச்சடித்த சட்டையை மடிப்பதா விடுவதா என்று தெரியாமல் மடித்து, பிறகு கட்டில் மேலேயே வைத்தாள். கீழே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. மறுபடி இழுத்தாள்.

“மெதுவாடி,” என்றாள் ஜவ்வு தன் கட்டிலிலிருந்து. “இனிமே உனக்கு என்ன அவசரம்?”

இத்தனை வருடத்தில் ஜவ்வு அந்த அறையில் அடித்த முதல் ஜோக் அது. சின்னதுக்கு மூக்கு வழியாகச் சிரிப்பு பீறிட்டது. போலீஸக்கா உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. டேப்பைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நல்ல ஜோக்தான். வாயே அடித்திருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.

வாய் நிமிர்ந்தாள். மூன்று முகமும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அவளும் சிரித்தாள். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, மற்றவர்கள் நிறுத்திய பிறகும் சத்தம் போட்டுச் சிரித்தாள்.

“பாத்தியாக்கா,” என்றது சின்னது போலீஸக்காவிடம், “அவ ஒண்ணும் தப்பா எடுத்துக்கல.”