அறுநூறு முகங்கள்

தாகம் தீர்த்தவர்களின் பெயரை மானுட வரலாறு ஒருபோதும் அழிப்பதில்லை. ஆனாலும் வரலாற்றை முழுதாக நம்ப முடியாதென்பதால், செவன் ஹில்ஸ் ஊர்த் தமிழர் நலன்புரிச் சங்கத் தலைவர் சிறிதரன் தன் பெயரையும் மீசை முறுக்கிய முகத்தையும் நீர் புகாத ஸ்டிக்கரில் அச்சடித்து, சூடானில் போரால் இடம்பெயர்ந்தோரின் முகாமுக்குப் போகவிருந்த அறுநூறு தண்ணீர் வடிகட்டி வாளிகளிலும் ஒட்டுவித்திருந்தார். முகாமில் வாந்திபேதி பரவிக்கொண்டிருந்தது. கொண்டெய்னரை ஏற்றிப்போக நாலு மணிக்கு லொறி வரும். தவறினால் அடுத்த கப்பலுக்கு ஒரு மாதம்.

ஒரு மணிக்கு நிவாரண நிறுவனத்திலிருந்து சங்க மண்டபத்துக்கு வந்த ஹரிப்பிரியா முதல் வாளியைப் பார்த்தாள்.

“சொரி அங்கிள், இது போகாது. சோதனைச்சாவடியில, இவர் எந்த ஆயுதக் குழுவின்ர தலைவர் எண்டு கேட்டு முழுச் சாமானையும் மறிப்பாங்கள்.”

“பிள்ளை, நான் செவன் ஹில்ஸ் தலைவரெல்லோ!”

“அது சூடானில ஒருத்தருக்கும் தெரியாது அங்கிள்.”

சிறிதரனுக்கு இந்தச் செய்திதான் பெரிய இடியாக இருந்தது.

உரித்துப் பார்த்தார்கள். அசையவில்லை. பத்து வருட உத்தரவாதமுள்ள ஸ்டிக்கர். தலைவரே தேடிப் பிடித்தது. வழியனுப்பு விழாவுக்கு வடை சுட்ட பவளம் அன்ரி, மண்டபக் குசினியிலிருந்து ஆறின எண்ணெய்ச் சட்டியோடு வந்தார்.

“இதைப் பூசி அஞ்சு நிமிசம் விடுங்கோ, கழண்டு வரும். என்ர வீட்டு ஜாம் போத்தில் எல்லாம் இப்பிடித்தான். சிறி, என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? உங்கட முகம், நீங்கள்தான் முதல்ல சுரண்டவேணும்.”

“கண்ணில சுரண்ட ஒரு மாதிரிக் கிடக்கு அக்கா.”

“அப்ப நாடியில இருந்து தொடங்குங்கோ.”

ஏழு சிறப்புரைகள் கைவிடப்பட்டன. பதினொரு பொன்னாடைகள் எண்ணெய் துடைக்க உதவின. தலைவர் கோட்டைக் கழற்றிவிட்டு, ரயில் பயண அட்டையால் தன்னைத் தானே சுரண்டத் தொடங்கினார். இருநூறாவது முகத்தில் கை பழகிவிட்டது. முந்நூறில் மற்றவர்களை விரட்டினார். மூன்று ஐம்பத்தெட்டுக்குக் கடைசி வாளி ஏறியது. மண்டபமே எழுந்து கைதட்டியது. அவர் பேசாமலே அவருக்குக் கிடைத்த முதல் கைதட்டல்.

ஏழு வாரத்தில் முகாமிலிருந்து படம் வந்தது. வரிசையாக வைத்த வாளிகளின் முன்னால் சிறுமிகள் தெளிந்த தண்ணீர் குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வாந்திபேதி அடங்கிவிட்டதென்று ஹரிப்பிரியா எழுதியிருந்தாள். சிறிதரன் படத்தைப் பெருப்பித்துச் சட்டம் போட்டு, மண்டபத்தில் தன் கையாலேயே மாட்டினார். பவளம் அன்ரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார்.

மூன்றாவது வாளியில் மீசை மட்டும் இருந்தது.