மணி நான் போடவில்லை

எங்கள் கம்ப்யூட்டர் விளையாட்டின் விமர்சனங்களை வெளியிடலாம் என்று விமர்சகர்களுக்கு நாங்களே குறித்துக் கொடுத்த நாள் அது. மறுநாள் விற்பனை. கீழே பல் டாக்டரின் கிளினிக்கில் யாருக்கோ பல்லைக் குடைந்துகொண்டிருந்தார்கள். மேலே எங்கள் அறையில் என் தம்பி பத்து விரல் நகத்தையும் கடித்துத் தீர்த்துவிட்டு என் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் கம்பெனி என்பது மூன்றே பேர். புதிர்களை யோசிப்பது தம்பி. அவன் யோசித்ததைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி எழுதுவதும், அவன் மாற்றம் சொல்லும்போதெல்லாம் அவனைத் திட்டுவதும் நான். இசை என் வீட்டுக்காரர். கரண்டி, காலி பாட்டில், கதவுத் தாழ்ப்பாள் எதைத் தட்டினாலும் அவருக்கு ஒரு மெட்டு கிடைத்துவிடும். எனக்குத்தான் சமையலறையில் ஒரு கரண்டி மிஞ்சாது.

நாங்கள் செய்த விளையாட்டின் பெயர் 'வாத்து விசாரணை'. ஓர் ஓட்டலில் லிஃப்ட் மணி திருடுபோய்விடும். துப்பறிய ஒரு வாத்து வரும். அதற்குப் பேச வராது. கொத்தும், தள்ளும், முறைக்கும். அறை வாசல்களில் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்தால் யார் அறையில் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று தெரியும். கருகிய ரொட்டிகளை அடுக்கினால் மாடியின் வரைபடம் வரும். கடைசியில் மணி லிஃப்ட்காரரின் தகரப் பெட்டியில் கிடைக்கும். "நான் எடுக்கலைங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் போலீஸ் ஜீப்பில் ஏறுவார். உருக்கமாக ஒரு பாட்டு வரும். எங்கள் பெயர்கள் ஓடும்.

இங்கேதான் தம்பியின் குசும்பு. லிஃப்ட்காரர் நிரபராதி. போலீஸ் கொண்டுபோன மணி போலி. பாட்டு முடிகிற நேரத்தில் ஓட்டல் லிஃப்ட் 'டிங்' என்று ஒரே ஒரு முறை ஒலிக்கும். திருடுபோன மணி எப்படி அடிக்கும் என்று சந்தேகப்பட்டு, திரையின் ஓரத்தில் தெரியும் லிஃப்ட் பொத்தானை அமுக்கினால் கதவு திறக்கும். விளையாட்டின் மறுபாதி அதற்குள்தான் இருக்கிறது. நாங்கள் உயிரைக் கொடுத்துச் செய்ததெல்லாம் அங்கேதான்.

முதல் விமர்சனம் வந்தது. "வாத்து மனதைக் கொள்ளையடிக்கிறது!" நான் கத்திய கத்தலில் கீழே குடைவது நின்றது. இரண்டாவது வந்தது. "ரொட்டிப் புதிரை யோசித்தவர் கிறுக்கர் அல்லது மேதை." தம்பி நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினான். மூன்றாவது, நான்காவது, எல்லாமே பாராட்டு. ஆனால் ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு கொடுக்கு இருந்தது. "சட்டென்று முடிந்துவிடுகிறது." "முடிவு கொஞ்சம் சாதாரணம்." ஒருவர், "லிஃப்ட்காரரை நான் முதலிலேயே கண்டுபிடித்துவிட்டேன்" என்று பெருமையடித்திருந்தார். பத்துக்கு ஏழு, ஏழு, ஆறரை, ஏழு.

எனக்கு ரத்தம் கொதித்தது.

"ஒருத்தன்கூட பொத்தானை அமுக்கலைடா! பாதி சாப்பாட்டுல இலையை மூடிட்டு, பசி அடங்கலைன்னு எழுதியிருக்கானுங்க."

"பொறுக்கா. யாராவது கண்டுபிடிப்பாங்க."

"எப்போ? நம்ம கடையை இழுத்து மூடின பிறகா? இப்பவே ஒரு வரி எழுதி எல்லாருக்கும் அனுப்பறேன். 'பாட்டு முடிஞ்சதும் பொத்தானை அமுக்கவும்.' தீர்ந்தது."

"தீர்ந்துடும்தான்" என்றான். அவன் குரல் இறங்கிவிட்டது. "தானா கண்டுபிடிச்சா அது கதவு. நாம சொல்லிக்கொடுத்தா வெறும் பொத்தான். ஒரே ஒருத்தர் கண்டுபிடிக்கட்டும்கா. அதுவரைக்கும் வாயைத் திறக்காதே."

அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் அந்த ஒரு வரியை எழுதி, அனுப்புவதற்குத் தயாராக வைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் டீ பிளாஸ்க்கோடு உள்ளே வந்தார். தன் பாட்டைக் கேட்டு ஒரு பெண் விமர்சகர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வீடியோ அவருக்குக் கிடைத்திருந்தது. சத்தத்தைக் கூட்டி எங்களுக்குப் போட்டுக் காட்டினார். அவர் முகத்தில் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பூரிப்பை நான் பார்த்ததில்லை. பாட்டு முடிந்தது. டிங்.

அவர் பூரிப்பு அப்படியே உறைந்தது.

"என் பாட்டுல யாரு மணி அடிச்சது?"

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் டீ ஊற்றப் போனோம்.

"மாப்ள, உன்னைத்தான் கேக்கறேன். நான் மணியே போடலை. மூச்சு விட இடம் வேணும்னு நீ சொன்னியேன்னு பாட்டு நடுவுல அங்கங்க இடைவெளி விட்டேன். ஆனா மணி போடலை."

தம்பி மென்று விழுங்கி உண்மையைச் சொன்னான். அவர் பிளாஸ்க்கை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அப்போ அந்த லிஃப்ட்காரர் திருடலையா? அந்த ஆளு ஜீப்ல ஏறறதை நினைச்சு அழுதுகிட்டே போட்ட பாட்டுடா அது!"

"அதுக்காகத்தான் மாமா சொல்லலை. கதை முடிஞ்சிடுச்சுன்னு நீங்க நம்பினாத்தான் பாட்டு உண்மையா இருக்கும்னு..."

"உனக்கும் தெரியுமா?" என்று என் பக்கம் திரும்பினார்.

"டீ ஆறுதுங்க" என்றேன்.

அப்போது மெயில் வந்தது. அனுப்பியவர் கத்தரிக்கோல். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. எங்கள் முதல் விளையாட்டைப் பற்றி 'நல்ல தூக்கத்துக்கு நன்றி' என்று எழுதிய விமர்சகர் அம்மா. அவர் சொன்னால் மற்ற விமர்சகர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். விளையாட்டில் ஏதாவது கோளாறு தென்பட்டால், எழுதுவதற்கு முன் செய்தவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது அவர் வழக்கம். மெயிலில் ஒரே கேள்விதான் இருந்தது. "கடைசிப் பாட்டின் முடிவில் ஒரு மணி கேட்கிறது. இது கோளாறா?"

தம்பி துள்ளி எழுந்தான். "கேட்டிருக்கு! அவங்களுக்குக் கேட்டிருக்குக்கா!"

அடுத்த நொடி இருவரும் அடித்துக்கொண்டோம். கோளாறு இல்லை என்று சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். பதில் சொல்லாவிட்டால் கோளாறு என்றே எழுதிவிடுவார். எழுதிவிட்டால் அப்புறம் அந்த மணியை ஒருவரும் சட்டை செய்யமாட்டார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றேன் நான். என் பிணத்தைத் தாண்டித்தான் என்கிற மாதிரி கீபோர்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான் அவன்.

"கொடு இங்கே" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் குரலில் இருந்த கோபத்துக்குப் பயந்து கொடுத்துவிட்டான். ஒற்றை விரலால் அழுத்தி அழுத்தி அடித்தார். "பாட்டு நான் போட்டது. மணி நான் போடவில்லை." கீழே 'இசை அமைத்தவர்' என்று போட்டு அனுப்பிவிட்டார்.

தம்பி அந்தப் பதிலை இரண்டு முறை படித்தான். "மாமா, இதைவிட நல்ல துப்பு எனக்கே தோணாது!"

"பேசாதே என்கிட்ட" என்று சொல்லிவிட்டு அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அன்று வீட்டிலும் எங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அந்த ஒரு வரியை அழித்துவிட்டேன்.

காலையில் நாங்கள் வந்தபோது அவர் ஏற்கெனவே அறையில் இருந்தார். ஹெட்போனோடு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, வாத்தை லிஃப்டுக்குள் நடத்திக்கொண்டிருந்தார். சரி, கோபம் தணியட்டும் என்று நான் திரையைத் திறந்தேன். கத்தரிக்கோலின் விமர்சனம் வந்திருந்தது. தலைப்பு இதுதான்:

"லிஃப்ட்காரரே, எங்களை மன்னியுங்கள்."

தம்பியைத் தோளோடு இழுத்து வைத்து உரக்கப் படித்தேன். "சக விமர்சகர்களே, நாமெல்லாம் ஒரு நிரபராதியைச் சிறைக்கு அனுப்பிவிட்டு, அதற்குப் பாட்டும் கேட்டு ரசித்திருக்கிறோம். எப்படி என்று சொல்லமாட்டேன். திரும்பப் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள். விளையாட்டு முடிந்தது என்று உங்களிடம் யார் சொன்னது?"

தம்பி அழுதான், சிரித்தான், மேசையைக் குத்தினான். என் போன் ஓயவில்லை. ஆறரை போட்டவர் தன் விமர்சனத்தையே எடுத்துவிட்டார். முதலிலேயே கண்டுபிடித்த புலி, "அவசரப்பட்டுவிட்டேன்" என்று எழுதியிருந்தது. "கதவு திறந்துவிட்டது!" என்று முன்பின் தெரியாதவர்களெல்லாம் வரிசையாக எழுதினார்கள். நான் ஒவ்வொன்றையும் கத்திப் படித்தேன்.

என் வீட்டுக்காரர் மட்டும் திரும்பவே இல்லை. கிட்டே போனபோதுதான் கவனித்தேன், அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. உண்மையான முடிவுக்கு வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் ஹெட்போன் வயரைப் பிடுங்கினார். அவருடைய அதே பாட்டு அறை முழுக்க ஒலித்தது. அவர் விட்டிருந்த ஒவ்வோர் இடைவெளியிலும் லிஃப்ட் மணி அடித்தது. டிங். டிங். ஒன்றுகூடப் பிசகவில்லை.

"இதுக்குத்தான் இடம் விடச் சொன்னியாடா?"

"ஆமா மாமா."

திரையில் பெயர்கள் ஓடின. 'இசை' என்று அவர் பெயர் வந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி மெதுவாக ஏறி வந்தது.

'மணி: லிஃப்ட்காரர்.'

அவர் தம்பியின் கழுத்தைப் பிடித்து இழுத்துக் கட்டிக்கொண்டார்.